சேஷ்டா கொர்ச்சே

இடது தோள் இறுகிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஜாதவ்பூரில் ஒரு மாடியறைக்குப் போய்க் கையைத் தூக்கிவிட்டு வருகிறேன். தூக்கிவிட்டு என்பது கொஞ்சம் மிகை. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள் அங்கே இருக்கும் பெண். என் விரல்கள் சுவரைப் பிடித்துக்கொண்டே அந்தக் கோடு வரை ஏற வேண்டும். அவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நான் நின்றுவிட்டு, முடியாது என்பதை எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சொல்லிப் பார்ப்பேன். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். "சேஷ்டா கொருன், மாஷிமா." முயற்சி செய்யுங்கள், பெரியம்மா.

இதைத் தினமும் நூறு பேரிடம் சொல்வாள்போல. நானும் காதில் வாங்காமல்தான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவருடைய முழங்காலை மடக்கிவிட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணிடம் என்னைப் பற்றிச் சொன்னாள்: "மாஷிமா கூப் சேஷ்டா கொர்ச்சேன்." ரொம்ப முயற்சி பண்றா. பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ கை சுவரிலேயே நின்றுவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்? வலிக்கிறது என்றே சொல்லி வைத்தேன்.

கவலைப்படுவதில் எனக்கு ஈடு கிடையாது என்று என் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். இந்தக் குணம் எனக்கு எப்போது வந்தது என்று சரியாகத் தெரியும். பத்து வயதில், ஒரு வார்த்தையால் வந்தது.

உங்கள் வீட்டிலும் அந்த வார்த்தை இருந்திருக்கும். "சேஷ்டை பண்ணாதே." குழந்தை இருக்கிற வீட்டில் நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லாமல் பொழுது போகுமா? சிலர் சேட்டை என்பார்கள். சமஸ்கிருதத்திலிருந்து இந்த ஒரு வார்த்தை கிளம்பி இரண்டு பக்கமும் போயிருக்கிறது. தெற்கே எங்களிடம் வந்து குறும்பாகிவிட்டது. கிழக்கே பெங்காலிகளிடம் போய் முயற்சியாகிவிட்டது. அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்து 'சேஷ்டா கொரோ' என்று சொன்னால் ஊக்கம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது நாங்கள் சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கூட்ஸ் கார்டு. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒரு கறுப்புப் பெட்டியோடும் இரண்டு கொடிகளோடும் ஏறிப் போனால், திரும்புவது ரயிலின் இஷ்டம். ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அம்மா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே ரயில் யார்டு சத்தத்துக்குள் வந்து இறங்கியவள். வந்த புதிதில் வாசலில் நின்ற பெங்காலிப் பெண்மணி ஒருத்தி, தன் பிள்ளைக்கு 'ஜோர்' என்று கவலையோடு சொல்லியிருக்கிறாள். ஜோர் என்றால் நமக்கு பிரமாதம், பலே. அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப சந்தோஷம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அப்பா வந்து, ஜோர் என்றால் ஜுரம் என்று சொன்ன பிறகு ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லையாம்.

ஆனால் அந்த அவமானத்திலிருந்து அம்மா ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். ஜுரம் ஜோர் ஆகிறது. ஜலம் ஜோல் ஆகிறது. மனம் மோன், நதி நொதி, சரீரம் ஷொரீர். "பெங்காலி ஒண்ணும் கஷ்டமில்ல. நம்ம வார்த்தையையே வாயைக் குவிச்சுண்டு சொல்றா, அவ்வளவுதான்" என்பாள். இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டே மீன்காரனைத் தவிர்த்து மற்ற எல்லா வியாபாரிகளையும் சமாளித்தாள். பாதி வார்த்தை பலித்தது. மீதிப் பாதிக்கு நான் இருந்தேன். தெருவில் விளையாடியே பெங்காலி கற்றுக்கொண்டவள் ஆகையால், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அம்மாவின் பக்கத்தில் நின்று, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் தங்கை ஜெயாவுக்கு அப்போது ஐந்து வயது. பெங்காலிகள் அவளை ஜோயா என்றார்கள், அம்மாவின் சூத்திரப்படியே. வீட்டில் அம்மா வாய் ஓயாமல் சேஷ்டை சேஷ்டை என்று சொன்னது இவளால்தான். அப்பாவின் பச்சைக் கொடியை இடுப்பில் பாவாடையாகக் கட்டிக்கொண்டு தெருவில் போவாள். ஒருநாள் நிஜமாகவே யார்டு வேலி ஓரம் நின்று அதை ஆட்டிவிட்டு வந்தாள். நல்லவேளை, யாரும் ரயிலை எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு ஜுரம் வந்தது. நாலு நாளில் விட்டும்விட்டது. பத்து நாள் கழித்து ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவள் நிற்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு என்று நினைத்து அம்மா அதட்டினாள். மத்தியானத்துக்குள் கால் அசையவில்லை. மறுநாள் கை. அதற்கு மறுநாள் தலையணையிலிருந்து தலையைத் திருப்ப முடியவில்லை. கண் மட்டும் எங்களைத் தொடர்ந்து வந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ரமணம்மா வந்து பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பில்ல சேஷ்டலுடிகி படுகுந்தி" என்றாள். தெலுங்கில், பிள்ளை அசைவெல்லாம் அற்றுப் படுத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். அந்த வார்த்தை தெலுங்குக்காரர்களிடம் உடம்பின் அசைவாகவே இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா அந்தத் தெலுங்கைக் காதில் வாங்கும் நிலையிலும் இல்லை.

கிடர்பூரைத் தாண்டி இருந்த ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலியோ இல்லை, நரம்பில் ஏதோ வீக்கம், மூச்சு வரை ஏறாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா அதை அம்மாவிடம் சொன்னபோது 'மூச்சு' என்ற பகுதியை விட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பில் விட்டுவிடலாம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அப்பாவுக்கு லீவு தீர்ந்தது. மனசில்லாமல் டியூட்டிக்குப் போனார். பெட்டியைத் தூக்கும்போது, ஏதாவது என்றால் யார்டு ஆபீஸில் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பு என்று என்னிடம்தான் சொன்னார், அம்மாவிடம் அல்ல.

ஆஸ்பத்திரி ஃபீனைல் வாசனை இன்று எங்கே வந்தாலும் எனக்கு அந்த மாடிப்படி ஞாபகம்தான். ஜெயா தனியறையில் இருந்தாள். காலையில் பத்து மணிக்கு அரை மணி நேரம் மட்டும் பார்க்கலாம். அதற்காக நாங்கள் சாந்த்ராகாச்சியில் லோக்கல் பிடித்து, ஹவுராவில் இறங்கி, லாஞ்சில் ஆற்றைக் கடந்து, எஸ்பிளனேடு வரை நடந்து, கிடர்பூர் டிராமில் இரண்டாம் வகுப்பில் ஏறிப் போவோம். வழி முழுக்க நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். டிராம் மைதானத்தைக் கடப்பதற்குள் ஏழு குதிரை கண்ணில் பட்டால் ஜெயாவுக்குச் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. ஐந்தோடு நின்றுவிட்டால் ஆட்டையும் சேர்த்துக்கொள்வேன்.

பதினோராம் நாள் எங்களை உள்ளே விடவில்லை. டாக்டர்கள் அறைக்குள் இருந்தார்கள். கதவுக் கண்ணாடியில் உள்பக்கம் திரை போட்டிருந்தது. அம்மா அந்தத் திரையைப் பார்த்தபடியே நின்றாள். அரை மணி முடிகிற நேரத்துக்கு நர்ஸ் வெளியே வந்தாள். அகலமான முகம், கன்னத்தில் ஒரு மறு, எப்போதும் அவசரம். அம்மா எனக்காகக் காத்திராமல் அவளாகவே, "ஜெயா?" என்று மட்டும் கேட்டாள்.

நர்ஸ் அம்மாவின் தோளைத் தொட்டு, "சேஷ்டா கொர்ச்சே பௌதி. கூப் சேஷ்டா கொர்ச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முயற்சி செய்கிறாள், மன்னி. ரொம்ப முயற்சி செய்கிறாள். அசைய முயற்சி செய்கிறாளா, மூச்சு விடவே முயற்சி செய்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சேஷ்டை பண்றாளாம்டி" என்றாள். கூப் என்றால் ரொம்ப என்பது அவளுக்குத் தெரியும். சேஷ்டா என்பது வாயைக் குவித்துச் சொன்ன சேஷ்டை. சூத்திரத்தில் ஒரு பிசகும் இல்லை. "ரொம்ப சேஷ்டை பண்றாளாம். டாக்டரையெல்லாம் என்ன பாடு படுத்தறாளோ."

திருத்தியிருக்க வேண்டும். அதுதானே என் வேலை, அதற்காகத்தானே கூட்டிப் போனாள்? திருத்துகிறேன் என்று மாடிப்படியில் நினைத்தேன். கீழே போனதும் என்று தள்ளினேன். வாசலில் அம்மா எனக்குக் கொய்யாப்பழம் வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவச் சொல்லிக் கொடுத்தாள். பதினோரு நாளில் அவள் எனக்கென்று ஒன்று வாங்கியது அதுதான் முதல் தடவை. லாஞ்சில் ஏறியதும் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். லாஞ்சில் அவள், ஜெயா கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னாள். காற்றில் அவள் தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்ததை ஒதுக்கிக்கூட விடவில்லை. கொய்யாப்பழத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவேளை அம்மாதான் சரியோ, நர்ஸுக்குத் தமிழ் தெரியுமோ என்று நினைத்துப் பார்த்தேன். பத்து வயதில்கூட நம்ப முடியாத யோசனை அது. ஆனாலும் ஹவுரா வரும்வரை அதை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றாமலே ரமணம்மா வீட்டு வாசலில் நின்று, "ஜெயாவுக்கு சேஷ்டை வந்தாச்சு" என்றாள். ரமணம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அவளுக்கு அசைவு வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவுக்குக் குறும்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு மூன்றாவது ஓர் அர்த்தம் தெரியும், அதை வைத்துக்கொண்டு நான் அவர்கள் நடுவில் நின்றேன். அந்தத் தெருவிலேயே அன்று பயந்துபோயிருந்தவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் அம்மா சொன்னாள், யார்டு ஆபீஸுக்குப் போய் அப்பாவுக்குச் செய்தி அனுப்பு, ஜெயா சேஷ்டை பண்றாளாம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொல்லு. யார்டு ஆபீஸில் நாங்கள் நிதாய் காக்கு, அதாவது நிதாய் சித்தப்பா, என்று கூப்பிடும் ஒரு குமாஸ்தா இருந்தார். அவர் போனில் ரயில்களை நடத்தும் கண்ட்ரோலுக்குச் சொன்னால், கண்ட்ரோல் அப்பாவின் ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறதோ அங்கே சொல்லும். செய்தி பெங்காலியில்தான் போக வேண்டும்.

அந்தக் கால் மைல் தூரத்தை நான் நடந்த மாதிரி வேறு எந்தத் தூரத்தையும் நடந்ததில்லை. அம்மா சொன்னதை ஒழுங்காக மொழிபெயர்த்தால் 'துஷ்டுமி கொர்ச்சே' என்று சொல்ல வேண்டும், குறும்பு செய்கிறாள். அது அப்பாவுக்குப் பொய். நர்ஸ் சொன்னது என்னவென்று விளக்கிச் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆபீஸ் வாசலுக்கு வந்தபோதுதான் தோன்றியது, இந்த வார்த்தையை மொழிபெயர்க்கவே வேண்டாமே என்று. "ஜோயா சேஷ்டா கொர்ச்சே, பாபாகே போலே தீன்" என்றேன். ஜெயா முயற்சி பண்றாள், அப்பாகிட்ட சொல்லிடுங்கோ. அம்மா சொன்ன வார்த்தைதான், நர்ஸ் சொன்ன வார்த்தையும்தான். கவலைப்பட வேண்டாம் என்ற வாலை மட்டும் வெட்டிவிட்டேன். நிதாய் காக்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். போனை எடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் அகராதிப் பக்கம் போய்வருகிறேன். அப்பா வருவதைத் தள்ளிப்போட முடிந்தால் இன்றைக்கும் தள்ளிப்போடவே எனக்குப் பிடிக்கும். டல்ஹௌஸியில் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய் இந்த வார்த்தையைத் தேடியிருக்கிறேன். மூலத்தில் அதற்கு உடம்பை அசைப்பது என்று பொருள். கைகால் ஆடுவது, துடிப்பது, பாடுபடுவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. எங்கள் ஆபீஸில் கன்னடம் பேசும் தார்வாட்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அது விஷமம். ஒரு மராட்டிக்காரி இருந்தாள், அவளுக்குக் கேலி, பரிகாசம். அசைகிற உடம்பு ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகத் தெரிந்தால் குறும்பு, பாவமாகத் தெரிந்தால் முயற்சி என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பண்டிதர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

தமிழ் அகராதியில் இன்னொன்றும் கிடைத்தது. சேட்டை என்பதற்குக் குறும்பு போக, வேறொரு வேரிலிருந்து வந்த பொருள் ஒன்று இருக்கிறது. மூத்தவள். லட்சுமிக்கு அக்கா, அதாவது மூதேவி. அன்றைக்கு ஜெயாவுக்கு அக்கா நான்தான். அகராதியை மூடிவிட்டு ஆபீஸுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா வந்தார். கரக்பூருக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் செய்தி கிடைத்திருக்கிறது. மாற்று ஆளைக் கேட்டு வாங்கி, கரக்பூர் வந்து, முதல் லோக்கலில் கிளம்பியிருக்கிறார். சட்டையெல்லாம் கரி. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தவர், அடுக்களையில் அம்மா கேசரி கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். நெய் வாசனை கூடம் வரை வந்தது. டாக்டர் கேட்டால் கொடுக்க ஒரு டப்பா, ஜெயாவுக்கு ஒரு டப்பா என்று இரண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீங்க எதுக்கு ஓடி வந்தேள்? அதான் சேஷ்டை பண்றாள்னு நர்ஸ் சொன்னதைச் சொல்லி அனுப்பிச்சேனே" என்றாள் அம்மா.

 அப்பாவுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது, கேசரி ஒரு தடவை அடியில் பிடிக்கிற நேரம் இருக்கும். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நர்ஸ் எந்த பாஷைல சொன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் அழுது தப்பித்திருப்பேன். அம்மாவும் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் பழைய சிரிப்பு பாதி இருந்தது.

"பெங்காலில" என்றேன்.

அம்மா ஸ்டவ்வை அணைத்தாள். கெரசின் ஸ்டவ் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் புகையும். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு நேத்திக்கே தெரியுமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அதற்காக அன்றைக்கும் ஏங்கினேன், அப்புறம் எத்தனையோ வருஷமும் ஏங்கியிருக்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கேசரியை ஒரே டப்பாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டாள். மூவரும் கிளம்பினோம். டிராமில் நான் குதிரைகளை எண்ணவில்லை.

அன்று உள்ளே விட்டார்கள். ஜெயா எப்போதும்போல அசையாமல் படுத்திருந்தாள். கண் மட்டும் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தது. வலது கையின் சுட்டுவிரல் போர்வைக்கு வெளியே இருந்தது. அதையே பாருங்கள் என்று நர்ஸ் கையைக் காட்டினாள். பார்த்தோம். விரல் அசையவில்லை. ஆனால் அசைக்கப் பார்க்கிறாள் என்பது ஜெயாவின் நெற்றியில் தெரிந்தது. அங்கே பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. ஐந்து வயதுக் குழந்தை நெற்றியில் அப்படி ஒரு சுருக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூச்சுக்காக இல்லை, விரலுக்காகத்தான் என்று தெரிந்ததும் அப்பா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மா கேசரி டப்பாவை நர்ஸின் கையில் கொடுத்தாள். எதற்கு என்று நர்ஸ் கேட்டபோது நான் மொழிபெயர்க்கவும் இல்லை, அம்மா என்னைக் கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் எங்கேயும் அவள் என்னை நடுவில் வைத்துப் பேசவில்லை. தெரிந்த பெங்காலியில் தட்டுத்தடுமாறித் தானே கேட்டாள், புரியாவிட்டால் மறுபடியும் கேட்டாள். ஒரு வருஷத்தில் என்னைவிட நன்றாகப் பேசினாள்.

அந்த விரல் அசைய இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. கை முழுக்க வர ஒரு மாதம். பூஜைக்குப் பந்தல் போடும்போது வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இடது குதிகால் மட்டும் இன்றும் தரையில் முழுசாகப் பதியாது. செருப்பு ஒரு பக்கமாகத் தேயும். குறும்பு மட்டும் ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வந்தது. அம்மா அவளை அடங்காப்பிடாரி என்றாள், வாலு என்றாள், விஷமக்கொடுக்கு என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் அந்த இன்னொரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். அது வரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூட அம்மா பிறகு அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

சாந்த்ராகாச்சியில் அந்த குவார்ட்டர்ஸை இடித்து வருஷக்கணக்காகிறது. கிடர்பூர் டிராமும் நின்றுபோயிற்று. அப்பா போய்ப் பதினைந்து வருஷம், அம்மா போய் இரண்டு. ஜெயா பேஹாலாவில் இருக்கிறாள். கணவர் பெங்காலி. அவள் பிள்ளைகளுக்கு அவளுடைய தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. செவ்வாய்க்கிழமை ஜாதவ்பூரிலிருந்து நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. ஐந்து வயதில் நடந்தது, அதுவும் அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியவள், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வயதில் இனி எந்த லாஞ்சில் ஏறியதும் சொல்வது?

சொன்னேன். கொய்யாப்பழம், ரமணம்மா, நிதாய் காக்கு, கேசரி எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் திருத்தவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். ஜெயா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். அவள் கோபப்படுவாள் என்றோ சிரிப்பாள் என்றோ நான் எதிர்பார்த்திருந்தேன்.

"அன்னிக்கு அம்மா சந்தோஷமா இருந்தாளா?" என்றாள்.

"இருந்தா. காலம்பற பத்தரைலேர்ந்து, மறுநாள் அப்பா வர்ற வரைக்கும்."

"எல்லாரும் பயந்துண்டு இருந்த அந்த ரெண்டு மாசத்துல அந்த ஒரு நாள்தானே?"

"ஒரு நாள்கூட முழுசா இல்ல."

"அதையாவது விட்டுவெச்சியே அக்கா" என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சுமந்ததை ஒருத்தி டீ ஆற்றிக்கொண்டே இறக்கி வைத்துவிட்டால் வேறு என்ன செய்வது? கொஞ்ச நேரம் கழித்து ஜெயா, அம்மா என்னை அந்த வார்த்தை சொல்லித் திட்டினதே எனக்கு ஞாபகம் இல்லை, ஏன்னு இப்பதான் தெரியறது என்றாள். எல்லா அம்மாவும் சொல்வாளாமே, எனக்கு மட்டும் கிடைக்கலை, நீயாவது ஒரு தடவை சொல்லேன் என்றாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தட்டிலிருந்த என் பிஸ்கட்டை எடுத்துத் தன் டீயில் தோய்த்துக்கொண்டே கேட்டாள்.

"சேஷ்டை பண்ணாதேடி" என்றேன்.

அம்மா சொல்லும்போது அதில் முதல் எழுத்து, சேலை, சேமியா என்பதுபோல மெத்தென்று இறங்கும். என் வாயிலிருந்து வந்தது பெங்காலிகள் அழுத்திச் சொல்கிற 'ச்சே'. ஜெயா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது நர்ஸ் சொன்ன மாதிரி இருக்கு" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது. அப்புறம் அவள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை.